ஒருவழிக் குரல்

தெரான் பாய்கினின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்த மனிதர் உயிரோடுதான் இருந்தார். அவர் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாரோ அந்தப் பையன்தான் செத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

இது முதன்முதலில் நடந்தது செப்டம்பர் மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, டொலீடோ மைதானத்தில், பட்டப்பகலில், அறுபதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது. பேய் ஆளில்லாத வீட்டில்தான் வரும் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அந்த ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் தெரான் லைன்பேக்கர். தடுப்பணியின் முன்வரிசையில் நாலு தடியர்கள் மூக்கு தரையில் இடிக்கிற மாதிரி குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நட்டநடுவில் நிமிர்ந்து நிற்கிறவன் இவன். எதிரணிக்காரன் பந்தோடு ஓடிவந்தால் நேருக்கு நேர் முட்ட வேண்டும். பந்தை எறிந்தால் முகத்தைத் திருப்பாமல் பின்னால் ஓட வேண்டும். இரண்டில் எது என்று அரை நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. வயது முப்பத்துநாலு, அந்தத் தொழிலில் அது தள்ளாத வயது. இடது கைச் சுண்டுவிரல் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை காலைகளில் முழங்கால் மடங்காமல், வீட்டு மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவான்.

டெல்பர்ட் கிராஸ் தடுப்பணிக்குக் கோச். அறுபத்தொன்பது வயது. ஆட்டத்தன்று மைதானத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி அறையில் தொலைநோக்கியும் மைக்குமாகத் தனியாக உட்கார்ந்திருப்பார். இடுப்பில் ஒரு பொத்தான். அதை அமுக்கிக்கொண்டு அவர் பேசினால் கீழே ஒரே ஒரு ஹெல்மெட்டுக்குள் கேட்கும், அது தெரானுடையது. அடுத்த மோதலுக்கு என்ன வியூகம் என்று கிராஸ் சொல்வார், தெரான் மற்ற பத்துப் பேருக்கும் சொல்வான். இருபத்தைந்து நொடி பேசலாம். அதற்குமேல் லைன் தானாக அறுந்துவிடும், அது லீக்கின் விதி. மற்ற உதவிக் கோச்சுகள் காதில் நச்சரிப்பது பிடிக்காது என்று, பொத்தானை அமுக்கும்போதே அவர்கள் லைனை அணைத்துவிடுவது கிழவரின் பழைய வழக்கம். ஆகவே அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கும் தெரானுக்கும் மட்டும்தான் தெரியும். தெரானால் பதில் சொல்ல முடியாது. ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் உண்டு, மைக் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் கால்பகுதியில், குரல் வழக்கம்போல் கரகரவென்று வந்தது.

"ஹாலிஸ், எதிர்ல நிக்கிறவன் கைவிரலைப் பாரு. முட்டி வெளுத்திருக்கு. முன்னால சாஞ்சிருக்கான். ஓடத்தான் போறானுங்க."

சொன்னது சரி. எதிரணி ஓடத்தான் ஓடியது, தெரான் முட்டிச் சாய்த்தான். பெயர் மட்டும்தான் தப்பு. ஹாலிஸ் என்று அணியில் யாரும் கிடையாது. கிழவருக்கு வாய் குழறிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டான்.

அடுத்த முறையும் ஹாலிஸ். அதற்கடுத்த முறை, தெரான் கேள்விப்பட்டே இராத ஒரு வியூகத்தின் பெயர். "கருப்புக் காக்கா ரெண்டு! கருப்புக் காக்கா ரெண்டு!" என்று குரல் அவசரப்படுத்தியது. பத்துப் பேர் இவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் பத்து நொடிகூட இல்லை. தெரான் தனக்குத் தோன்றிய வியூகத்தைக் கிழவர் சொன்னமாதிரி கத்தினான். அது பலித்தது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. பலிக்காமல் போயிருந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருப்பான்.

அக்டோபர் முடிவதற்குள், ஒரு ஆட்டத்தில் பாதி வியூகங்கள் தெரானுடையவை. நவம்பரில் முக்கால்வாசி. முதல் கால்பகுதியில் கிழவர் நன்றாகவே இருப்பார். பெரிய எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பார். கூட்டம் கத்தக் கத்த, ஆட்டம் இறுக இறுக, எங்கோ நழுவிப் போய்விடுவார். அப்புறம் ஹெல்மெட்டுக்குள் வருவதெல்லாம் ஹாலிஸுக்குத்தான். டொலீடோ அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. தலைமைக் கோச் ஓஸ்லண்டுக்குத் தன் தாக்குதல் அணியைப் பார்க்கவே நேரம் போதவில்லை. தடுப்பணி கிராஸ் பாடு என்று விட்டுவிட்டார். பத்திரிகைக்காரர்கள் கிழநரி என்றார்கள், எழுபதை நெருங்கியும் மூளை என்னமாய் வேலை செய்கிறது என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். நாலு மாதம் அத்தனை பேரும் அந்தக் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் கண்ணிலும் எதுவும் படவில்லை.

பட்டது மார்க்கீஸ் ஒருவனுக்குத்தான். கடைசி வரிசையில் நிற்கிற தடுப்பாளி, வாய் ஓயாதவன். ஒரு திங்கட்கிழமை பனிக்கட்டித் தொட்டியில் இருவரும் கழுத்துவரை அமுங்கிக் கிடக்கும்போது ஆரம்பித்தான்.

"பெருசு, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"நீ கேக்காம இருந்தாத்தான்டா கோவம் வரும், சந்தேகமா இருக்கும்."

"மேல இருக்கிற பெருசு இப்பல்லாம் உன்ன மாதிரியே யோசிக்கிறாரே, எப்படி? உனக்குப் புடிச்சது என்னவோ அதையே சொல்றாரு. முன்னெல்லாம் அவரு சொன்னா நீ பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் எங்களுக்குச் சொல்லுவ."

"ஆறு வருஷம் சேந்து இருந்தா புருஷன் பொண்டாட்டிக்கே மூஞ்சி ஒண்ணாயிடும்."

"அப்ப உனக்கும் சீக்கிரம் காதுல முடி மொளைக்கும்" என்று மார்க்கீஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "எதுனாச்சும் இருந்தா சொல்லு அண்ணே. நான் யாருகிட்டயும் போய் ஊதமாட்டேன்."

"ஒண்ணுமில்ல. தண்ணிக்குள்ள இரு, பேசாத."

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கிழவர் மேல் இரக்கப்பட்டு மட்டும் தெரான் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் புதுக் கோச் வருவார், புது வியூகம் வரும், முப்பத்துநாலு வயதுக்காரனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனை இறக்குவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் தெரான் ஒருமுறைகூட இறுதிப்போட்டி ஆடியதில்லை. இதுதான் கடைசி வருஷம் என்று அவனுடைய முழங்கால் ஏற்கெனவே சொல்லிவிட்டது. தவிர, வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்டம் முழுக்க அவன் கையில் இருந்தது, அது அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரு மனிதரின் மூளை கரைவதில் தனக்கு லாபம் இருக்கிறது என்பது தெரிந்தே இருந்தான். தெரிந்ததால்தான் அந்தக் குரல் அவனை அவ்வளவு படுத்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கிராஸ் வீட்டுக்குப் போனான். கிராஸின் மனைவி வெர்னா கோழியும் நூடுல்ஸும் போட்ட சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கிழவர் சாப்பிட்டு முடித்து வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தார். "தெரான், அந்தச் சுண்டுவிரலைக் காட்டுடா, என்னடா இது கொக்கி மாதிரி" என்று தெளிவாக, பெயர் சொல்லி, கிண்டலடித்துவிட்டுத்தான் போனார். அவர் வாருகோலோடு கண்ணில் படாத தூரத்துக்குப் போகும்வரை இருவரும் பேசவில்லை.

"வெர்னாம்மா, ஹாலிஸ்னா யாரு?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்கிட்ட அந்தப் பேரைச் சொன்னாரா?"

"நாப்பது செகண்டுக்கு ஒருதடவ சொல்றாரு."

வெர்னா அழவில்லை. எத்தனையோ நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி கடகடவென்று சொன்னாள். ஓக்லஹோமாவில் ஒரு சின்னக் கல்லூரி. கிராஸுக்கு முப்பத்தொரு வயது, முதல் வேலை. ஆகஸ்ட் மாதம், நாளைக்கு இரண்டு வேளைப் பயிற்சி. அந்தக் காலத்தில் பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் பொட்டை என்பார்கள், எல்லாக் கோச்சும் அப்படித்தான். ஹாலிஸ் டேட், பத்தொன்பது வயது, லைன்பேக்கர். கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன் கோச் என்று கேட்டான். எழுந்திரு என்றார் இவர். எழுந்தான். இன்னும் ஒரு சுற்று ஓடு என்றார். ஓடினான். மூன்றாவது சுற்றில் விழுந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"கேஸ் எதுவும் வரல. உடம்புல ஏதோ பிறவிக் கோளாறுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. அதுலேர்ந்து இவரு பசங்களுக்குத் தண்ணி குடுத்த மாதிரி இந்த நாட்டுல எவனும் குடுத்ததில்ல. ஆனா வீட்டுல ஒருநாள்கூட அந்தப் பையன் பேரை எடுத்ததில்ல தம்பி. ஒரே ஒரு தடவ, எங்கம்மா செத்தப்ப குடிச்சிட்டு, 'அவன் உட்காரணும்னு கேட்டான், நான் எழுந்திருன்னு சொன்னேன்'னு சொன்னாரு. அவ்வளவுதான்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"மே மாசமே பாத்தாச்சு. வியாதிக்குப் பேரும் சொல்லிட்டாங்க, போகப் போகக் கூடுமேதவிர குறையாதுன்னும் சொல்லிட்டாங்க. தாளெல்லாம் நான்தான் பெரிசு பெரிசா எழுதித் தரேன்." அவள் மேஜைமேல் இருந்த தெரானின் கையைப் பிடித்தாள். "இந்த ஒரு சீசன் தம்பி. அவரும் கப்பு வாங்கினதில்ல, நீயும் வாங்கினதில்ல. ஜனவரி முடிஞ்சதும் நானே போய்ச் சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க மாட்டியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்று தெரான் சொன்னான். அதைச் சொல்ல அவன் கொஞ்சமாவது தயங்கியிருக்கலாம். அப்படி யாராவது கேட்கவேண்டும் என்றுதான் அவன் வந்ததே.

அதற்கப்புறம் குரல் மாறிவிட்டது. அல்லது யார் ஹாலிஸ் என்று தெரிந்துவிட்டதால் தெரானுக்கு அப்படிக் கேட்டதோ என்னவோ. டிசம்பரில் ஏரியிலிருந்து காற்று அறைந்தது, மூக்கு நீர் உதட்டில் உறைந்தது. ஹெல்மெட்டுக்குள் மட்டும் ஆகஸ்ட் மாதம்.

"வெயில் மண்டையப் பொளக்குது ஹாலிஸ். நிழல் பக்கமா வா."

"உதடு வெடிச்சிருக்குடா உனக்கு. இங்கேர்ந்தே தெரியுது."

"யாருடா இவனுக்குத் தண்ணி குடுக்காதன்னு சொன்னது? யாரு சொன்னது?"

தொலைநோக்கியில் கிழவர் பார்ப்பது தன்னைத்தான் என்பது தெரானுக்குத் தெரியும். தன் இடத்தில் யாரைப் பார்க்கிறார் என்பதும் தெரியும். பனியில் நின்றுகொண்டு முதுகில் வேர்ப்பதை அவன் உணர்ந்தான். பயந்துபோனான். இரண்டாள் உயரத்துக்கு வளர்ந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மோத வரும்போது வராத பயம், ஒரு கிழவரின் கெஞ்சலில் வந்தது.

அது மைதானத்தோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மனைவி ரெனீட்டாவோடு கடைக்குப் போயிருந்தான். தானிய டப்பாக்கள் அடுக்கிய வரிசையில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை "ஹாலிஸ்!" என்று கூப்பிட்டாள். தெரான் "ம்?" என்று திரும்பினான். திரும்பியதோடு இல்லாமல் அவளை நோக்கி இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டான். அந்தப் பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

காரில் ஏறியதும் ரெனீட்டா சாவியைத் திருகவில்லை.

"ஒரு மாசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தூக்கத்துல தண்ணி கேக்கற. கொண்டுவந்து குடுத்தா ஒரு சொம்பையும் மடக் மடக்குனு குடிச்சிட்டு, 'ரொம்ப நன்றிங்க, கோச்சுகிட்ட சொல்லிடாதீங்க'ங்கற. என்னை 'ங்க' போட்டுப் பேசற தெரான். கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படிப் பேசினதில்ல. தலையில அடிபட்டுச்சா? மறைக்காத."

தெரான் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அது நல்ல சகுனம் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"அந்தக் கிழவி புருஷனை வித்து கப்பு வாங்கப் பாக்கறா. நீ அவளுக்குத் தரகு."

"அவர் சந்தோஷமாத்தான் இருக்காரு ரெனீ."

"செத்த பையன்கிட்ட தண்ணி குடிடான்னு கெஞ்சறவரு சந்தோஷமாவா இருக்காரு? நீ கேட்டுக்கிட்டு நிக்கறியே, உனக்குப் பதில் சொல்லணும்னு தோணலையா?"

"எப்படிச் சொல்றது? அதுல மைக்கே கிடையாது."

"வாய்தான் இருக்கே" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

ஜனவரியில் அரையிறுதி. டொலீடோவிலேயே நடந்தது. கத்தியாக வெட்டுகிற குளிர், கோடு போட்ட இடமெல்லாம் பனி மூடி, அதைக் காற்று ஊதும் இயந்திரத்தால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். எதிரே ஒமஹா. கடைசி நிமிடத்தில் டொலீடோ நாலு புள்ளி முன்னால். பந்து ஒமஹாவிடம். எல்லைக்கோட்டுக்கு இரண்டு கஜம் பாக்கி. மூன்று முறை முட்டிப் பார்த்துவிட்டார்கள், மூன்று முறையும் தெரான் அடியில் கிடந்தான். நாலாவது முறைதான் கடைசி. தடுத்துவிட்டால் இறுதிப்போட்டி. விட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, அவனுடைய பன்னிரண்டு வருஷமும் சேர்த்து.

மூன்றாவது மோதலிலிருந்து எழுந்து நின்றபோது அவனுக்கு வலது முழங்கால் இருக்கிற இடமே தெரியவில்லை. கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினான். உச்சியிலிருந்து அதைப் பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்புறம் பல வருஷம் அவன் யோசித்திருக்கிறான்.

கிர்ரென்று லைன் திறந்தது.

"ஹாலிஸ். டேய் கண்ணு. உட்காரு."

தெரான் நிமிரவில்லை.

"அன்னிக்கி எழுந்திருன்னு சொன்னேன். தப்பு. எழுந்திருக்காத. உட்காந்துடு. ஹெல்மெட்டைக் கழட்டிப் போட்டுட்டு அப்படியே உட்காந்துடு. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

கிழவர் அழுதுகொண்டிருந்தார். ஸ்பீக்கர் மூக்குறிஞ்சுவதைக்கூட அப்படியே கொண்டுவந்து காதில் போட்டது. மார்க்கீஸ் பின்னாலிருந்து கத்தினான். "பெருசு! என்ன வியூகம்? சொல்லு! நேரமாவுது!"

உட்காருவது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. அது தெரானுக்குத் தெரியும். ஆட்டக்காரன் ஒருத்தன் தரையில் உட்கார்ந்துவிட்டால் அடிபட்டவன் என்று நடுவர் ஊதிவிடுவார். அடுத்த ஒரு ஆட்டத்துக்கு, அதாவது ஒரே ஒரு மோதலுக்கு, அவன் வெளியே நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆட்டம். இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் கோட்டுக்கு வெளியே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். அந்த ஒரே ஒரு ஆட்டத்துக்காகத்தான் தெரான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தான்.

"கேக்குதாடா? ஹாலிஸ், நான் பேசறது கேக்குதா? கேட்டா ஒரு கையைத் தூக்கு. ஒரே ஒரு தடவ கையைத் தூக்குடா என் ராஜா."

தெரான் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

முஷ்டியை உயர்த்தினால் கடைசி வரிசை முன்னால் நெருங்கி வரவேண்டும் என்று அர்த்தம். மார்க்கீஸ் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். அதற்காகத்தான் தூக்கினானா என்று கேட்டால் தெரானுக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

"கேட்டுடுச்சு" என்றது குரல், சின்னப் பிள்ளையின் சந்தோஷத்தோடு. "கேட்டுடுச்சு அவனுக்கு. அப்ப உட்காருடா. உட்கா..."

லைன் அறுந்தது.

தெரான் உட்காரவில்லை. எதிரே குனிந்திருந்த தடியனின் கையைப் பார்த்தான். விரல்முட்டி வெளுத்திருந்தது. பந்து நகர்ந்த அதே கணத்தில் இடப்பக்கத்து இடைவெளிக்குள் பாய்ந்தான். ஒமஹாவின் ஓட்டக்காரன் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் மோதினார்கள். அந்தச் சத்தம் மேல்தட்டு வரை கேட்டது என்று டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அதன்மேல் பத்துப் பேர் விழுந்தார்கள். அடியில் இருட்டாக, சூடாக இருந்தது. கூட்டம் இரைந்த தினுசிலேயே ஜெயித்துவிட்டோம் என்று தெரானுக்குத் தெரிந்துவிட்டது.

யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். மார்க்கீஸ் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மேல இருக்கிற கிழவன் கில்லாடிடா! கில்லாடி!" என்று ஊளையிட்டான். தெரான் அவனை இறக்கிவிட்டான். கேமராக்காரர்களை விலக்கிக்கொண்டு, ஒற்றைக்காலை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனான். அவர் மேலே எந்த நிலையில் இருப்பாரோ என்பதுதான் நினைப்பெல்லாம். அவர் கண்ணெதிரில் ஹாலிஸை இன்னொரு முறை சாகவிட்டிருக்கிறான். அதுவும் காது கேட்டுக்கொண்டே.

பக்கத்து அறையிலிருந்த உதவிக் கோச்சுகள் கொண்டாடக் கீழே ஓடிவிட்டார்கள். கண்ணாடி அறையில் கிழவரும், ஆட்டம் முடிந்ததும் மேலே வந்த வெர்னாவும் மட்டும் இருந்தார்கள். கிராஸ் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காகித டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். முகம் துடைத்துவிட்டாற்போல் அமைதியாக இருந்தது. ஆறு வருஷத்தில் தெரான் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை.

"தெரான்! வாடா வா. என்ன மோது மோதின! எனக்கே பல்லு ஆடிப்போச்சு."

"கோச்."

"உட்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஹாலிஸ்னு ஒரு பையன் இருந்தான். உனக்குத் தெரியாது. நல்ல பையன், செத்துப்போயிட்டான். நான் அவனை உட்காருன்னு சொன்னேன் தெரான்."

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சத்தியமா சொன்னேன். எத்தனையோ தடவ சொன்னேன். அவனுக்குக் கேட்டுது. கேட்டுதுன்னு கையைக்கூடத் தூக்கினான், இந்தா இப்படி. ஆனா உட்காரல. என்ன பண்றது? நம்ம கையில என்ன இருக்கு?"

முப்பத்தெட்டு வருஷம் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்ததை அந்த மனிதர் இறக்கிவைத்துவிட்டார். அது எங்கே இறங்கியது என்று தெரானுக்குத்தான் தெரியும். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். கீழே பனியில் மனிதர்கள் பொம்மைகளாகத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். வெர்னா கண்ணாலேயே கெஞ்சினாள், ஒன்றும் சொல்லிவிடாதே என்று.

"ஆமா கோச்" என்றான் தெரான். "நீங்க சொன்னீங்க. நான் கேட்டேன்."

"அப்புறம் ஏன்டா அவன் உட்காரல?"

"ஜெயிக்கணும்னு இருந்துது கோச். அதான்."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

கிழவர் உச்சுக்கொட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். யாரோ தூரத்து உறவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்தது அது. "பாவம். விவரம் தெரியாத பையன்" என்றார். மிச்சக் காபியைக் குடித்தார். பிறகு திடீரென்று பதறினார்.

"அவங்கம்மாவுக்கு யாராச்சும் போய்ச் சொல்லணுமே! வெர்னா, யாராச்சும் சொன்னாங்களா? யாரும் சொல்லலையா? அந்தப் பொம்பள சமைச்சு வச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாளே!"

"கோச், பதறாதீங்க. நான் போய்ச் சொல்றேன்."

"நீ போறியா? நிஜமாவா? அது ரொம்பக் கஷ்டமான வேலைடா. எனக்கு அன்னிக்கித் தைரியம் வரல. கடுதாசி போட்டுட்டேன்."

"தெரியும் கோச். நான் நேர்லயே போறேன்."

வெர்னா கதவுவரை பின்னாலேயே வந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் எங்கே போகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் தம்பி. ரெண்டே வாரம்."

"ஒண்ணே ஒண்ணுன்னுதான் நானும் கீழ நெனச்சேன் வெர்னாம்மா" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டான்.

தலைமைக் கோச் ஓஸ்லண்டின் அறைக்கு வெளியே ஆட்டக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் சட்டை நனைந்து, தலைமுடி நனைந்து, யாரோ ஊற்றிய பானம் காதிலிருந்து சொட்டச் சொட்ட நின்றார். தெரானைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"எங்கடா போய்த் தொலஞ்ச? உன்னைத்தான் ஊரே தேடுது! எங்க கிழவன்? தூக்கிட்டு வாங்கடா அவனை, கன்னத்துல முத்தம் குடுக்கணும்!"

தெரான் கதவைச் சாத்தினான். பாட்டுச் சத்தம் குறைந்தது.

"கோச், செப்டம்பர்லேர்ந்து அவர் வியூகம் சொல்லல. நான்தான் சொல்றேன்."

ஓஸ்லண்டின் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. "அப்ப அவரு உங்கிட்ட என்னதான்டா பேசிக்கிட்டு இருந்தாரு?"

தெரான் அதைச் சொல்ல ஆரம்பித்தான்.